பங்கு ரவுண்டு

"கடைசிப் பத்து நிமிஷத்தில என்னதான் நடக்குது? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றார் இன்னாசி.

வடிவு ரோஜாப் பதியன் ஒன்றின் அடியில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தப் பத்து நிமிஷம்?"

"ஆட்டத்தில."

"உக்காருங்க சார்."

உட்கார அங்கே நாற்காலி எதுவும் இல்லை. கவிழ்த்துப்போட்ட மண்தொட்டி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தால் முட்டியை மடக்க வேண்டும். இன்னாசி நின்றுகொண்டார்.

"அஞ்சு ஆட்டம் மேடம். அஞ்சும் ஒரே ஒரு கோல்ல. எம்பத்தேழாவது நிமிஷம். எம்பத்திநாலு. எம்பத்தொம்பது. எம்பத்தொண்ணு. நேத்து தொண்ணூறும் முடிஞ்சு ரெஃப்ரி விசிலை வாயில வச்சுட்டாரு. அப்ப."

"வாயில வச்சதுக்கு அப்புறமா?"

"வச்சுட்டாரு. ஊதலை. அதுக்குள்ள போட்டுட்டான்."

வடிவு அடுத்த பதியனுக்குப் போனாள். அவள் சிரித்தாளோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இன்னாசிக்கு ஐம்பத்து மூன்று வயது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகக் கால்பந்துப் பயிற்சியாளர். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளிடம் கேள்வி கேட்க, சிறுமலை அடிவாரம்வரை பைக்கில் வருவது அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தாயிற்று. சிவப்பு ஜெர்சியை மாற்றி நீலம் வாங்கியாயிற்று. வடக்குப் பக்க கோல் போஸ்ட் ராசியில்லை என்று ஆபீஸ் சூப்பிரண்டு சொன்னதைக் கேட்டு, டாஸ் ஜெயித்த அன்றெல்லாம் தெற்கைக் கேட்டு வாங்கியாயிற்று. அவர் மெழுகுவர்த்தி ஏற்றினார். பையன்கள் அவருக்குத் தெரியாமல் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். மலைப்பாதையில் ஓடவிட்டாயிற்று. திட்டியாயிற்று. இரண்டு நாள் திட்டாமலும் இருந்து பார்த்தாயிற்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் அணி லீக்கைவிட்டு வெளியே. வெளியே போனால் கால்பந்தையே நிறுத்திவிடலாம் என்று கரஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டார். மைதானத்தில் இறகுப்பந்துக் கூடம் கட்ட வரைபடம்கூடத் தயார். கால்பந்தை நம்பி ஹாஸ்டலில் இருக்கும் பதினொரு பையன்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வடிவு ஒரு பெண்கள் அணியைப் பழக்கியவள். ஆறு வருடம் பழக்கினாள். அந்த ஆறு வருடத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த அணி ஒரு கோல்கூட வாங்கியதில்லை. பிறகு ஒருநாள் விட்டுவிட்டு வந்து இந்த நர்சரியைப் போட்டாள். ஏன் விட்டாள் என்று யாராவது கேட்டால், 'செடிக்குப் பேட்டி கொடுக்க வேண்டியதில்லை' என்பாள்.

"கடைசிப் பத்து நிமிஷத்தில யாராவது உக்காந்துடறாங்களா?" என்று கேட்டாள் வடிவு.

"ஒவ்வொரு ஆட்டத்திலயும் ஒருத்தன். நேத்து தவசி. லெப்ட் பேக். அவன் தொடையைப் புடிச்சிட்டு உக்காந்தான், அந்த வழியாவே பந்து வந்துச்சு. எல்லாம் திடீர்னு நடக்குது மேடம்."

"திடீர்னா?"

"திடீர்னுதான். அதுவரைக்கும் குதிரை மாதிரி ஓடிக்கிட்டிருப்பான்."

"தோத்தா என்ன செய்வீங்க?"

"மறுநாள் காலையில அஞ்சரைக்கு ரவுண்டு. கிரவுண்டைச் சுத்தி ஆளுக்குப் பத்து. இந்தத் தடவை வாரம் முழுக்கப் போட்டிருக்கேன். நானும் கூடவே ரெண்டு சுத்து நடப்பேன்."

"அடிபட்டவனும் ஓடணுமா?"

இன்னாசியின் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது.

"அடிபட்டவனை ஓடவிட நான் என்ன மிருகமா? அவன் உக்காரலாம். அவனோட பத்து ரவுண்டை மத்தவங்க பிரிச்சு ஓடணும். யார் யாருக்கு எத்தனைன்னு போர்டில எழுதிப் போட்டுருவேன். பையன்க அதுக்குப் பங்கு ரவுண்டுன்னு பேரு வச்சிருக்கானுக. பதினெட்டு வருஷமா நம்ம கிரவுண்டில இதுதான் முறை. ஒருத்தன் வலியை இன்னொருத்தன் சுமக்கணும். அப்பத்தான் ஒத்துமை வரும்."

"வந்துச்சா?"

"வராம? இப்ப நம்ம போர்டு காலியா கிடக்கு மேடம். அடிபட்டேன்னு வந்து நிக்கிறவன் ஒருத்தன் கிடையாது. அஞ்சு ஆட்டத்தில உக்காந்த அஞ்சு பேரும் ரெண்டாம் நாளே எழுந்து வந்துட்டானுக. தவசி இன்னிக்குக் காலையிலேயே ஓடுறான்னா பாருங்க."

"நல்ல முறை" என்றாள் வடிவு.

இன்னாசி காத்திருந்தார். அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இங்கயும் அதையே வச்சுக்குவோம்."

"எங்க?"

அவள் கையைக் காட்டினாள். பாறையில் வெட்டிய படிகள். மேலே ஒரு சமதளத்தில் எலுமிச்சங்கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. கீழே தண்ணீர்த் தொட்டி.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. காயில் கட்டப் போயிருக்கு, புதன்கிழமை சாயங்காலம் வரும். அதுவரைக்கும் தூக்கித்தான் ஊத்தணும். நாப்பத்தாறு படி. ரெண்டு வாளி ஒரு நடை. ஆளுக்குப் பத்து நடை. யாருக்காவது முடியலைன்னா சொல்லிட்டு உக்காந்துக்கலாம். அவங்க நடையை மத்தவங்க பிரிச்சுக்கணும்."

"நான் ஒரு கேள்வி கேக்க வந்தேன்."

"கேட்டீங்களே."

"பதில்?"

"செடி வாடுது சார்" என்றாள் வடிவு.

*

தூக்க மூன்று பேர். வடிவு, இன்னாசி, பேச்சி.

பேச்சிக்கு ஏறக்குறைய இன்னாசியின் வயதுதான். நர்சரி ஆரம்பித்த நாளிலிருந்து இங்கே வேலை பார்ப்பவள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருதான் பந்து வாத்தியாரா?"

"ஆமா" என்றார் இன்னாசி.

"மீசை நல்லா இருக்கு. தண்ணி தூக்குமா?"

இன்னாசி இரண்டு வாளியையும் நிரப்பினார். முதல் நடையில் இருபதாவது படியில் வலது முட்டி ஒருமுறை 'டக்' என்றது. அது பழைய வலி. அவர் ஆடிய காலத்தில் தசைநார் கிழிந்து, சரியாக ஒட்டாமலே விட்டுப்போனது. ஆபரேஷன் என்றார்கள், அவர் போகவில்லை. மனைவிக்குத் தெரியும். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. பையன்களோடு நடக்கும்போது இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டு, விசில் ஊதும் சாக்கில் நடுமைதானத்துக்குப் போய்விடுவார்.

மேலே போய் ஊற்றினார். கீழே வந்தார். இறங்குவதுதான் மோசம் என்று தெரிந்தது.

"என்ன வாத்தியாரே, அடி எண்ணி வைக்கிறீங்க?" என்றாள் பேச்சி எதிரே ஏறிக்கொண்டே.

"பாறை வழுக்குது."

"இத்தனை வருசமா எனக்கு வழுக்கலையே."

பத்து நடையும் முடிந்தபோது மணி பத்தரை. வடிவு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வலி கிலி ஏதாச்சும்?" என்று கேட்டாள்.

கேட்டபோது பேச்சி பக்கத்தில்தான் இருந்தாள்.

"எனக்கா? இருபத்திரண்டு வருஷமா கிரவுண்டில நிக்கிறவன் மேடம்" என்றார் இன்னாசி.

"உனக்கு?"

"எனக்கென்ன கேடு" என்றாள் பேச்சி.

"சரி."

"இப்பவாவது பதில் சொல்லுங்க" என்றார் இன்னாசி.

"நாளைக்கு வருவீங்கள்ல?"

பைக்கை உதைக்க வலது காலைத் தூக்கினார். முடியவில்லை. இடது காலால் உதைத்துப் பார்த்தார். கடைசியில் இறக்கத்தில் தள்ளிக் கிளப்பினார். தூக்க ஆள் கிடைக்காமல் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று வழி நெடுகத் தோன்றியது.

*

செவ்வாய்க்கிழமை காலை ரவுண்டு முடிந்ததும் அணித்தலைவன் சகாயத்தைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் பிட்டா? யாருக்கும் அடி கிடி இல்லையே?"

"எல்லாரும் பிட் சார்."

"தவசி?"

சகாயம் ஒரு நொடி மைதானத்தைப் பார்த்தான். தவசி தூரத்தில் ஓரமாக இன்னும் கடைசி ரவுண்டை ஓடிக்கொண்டிருந்தான்.

"பிட் சார்."

"அப்புறம் ஏன்டா தோக்கிறீங்க?"

சகாயம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்தால் இன்னாசிக்கு எரிச்சல் இன்னும் ஏறும்.

"பிட்டா இருக்கான், நல்லாச் சாப்பிடுறான், ஓடுறான். எம்பது நிமிஷம் ராஜா மாதிரி ஆடுறான். அப்புறம் வெட்டுன வாழை மாதிரி சாயுறான். யாராவது செய்வினை வச்சிருக்கானாடா? இருந்தா சொல்லித் தொலைங்க, எடுத்துருவோம்."

"தெரியலை சார்."

"தெரியலை சார். இதை மட்டும் ஒத்துமையா சொல்லுங்க."

நர்சரிக்கு வந்தபோது முட்டி வீங்கியிருந்தது. பேன்ட்டுக்குள் ஒரு கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஐந்தாவது நடையில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். வாளியைக் கீழேகூட வைத்துவிட்டார். அப்போது பேச்சி படியில் ஏறிக்கொண்டிருந்தாள். சேலையை வரிந்து கட்டி, முதுகு வளைந்து, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே போனாள். தான் உட்கார்ந்தால் மிச்ச ஐந்தில் பாதி அவள் தலையில் விழும். இன்னொரு பாதியை வடிவு தூக்குவாள். இருவருமே பெண்கள். தான் மீசை வைத்துக்கொண்டு மோர் குடிப்பதா?

வாளியை எடுத்தார்.

அன்றைக்குப் பேச்சி அதிகம் பேசவில்லை என்பதை அவர் கவனித்தார். இடது கை வாளியை அரைவாசியும் வலது கை வாளியைத் தளும்பத் தளும்பவும் நிரப்பிக்கொண்டு போனாள். அவளுக்கு அதுதான் பழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மோர் வந்தது.

"வலி கிலி?"

"ஒண்ணும் இல்ல."

"உனக்கு?"

"போம்மா, தினம் இதே கேள்வி."

"பதில் எப்ப மேடம்?" என்றார் இன்னாசி. குரல் உயர்ந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு. பதினோரு பையன் வாழ்க்கை. நான் இங்க கன்னுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. போயிடறேன்."

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் வடிவு.

இன்னாசி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"உங்க பையன்களை நான் பார்த்ததே இல்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எதுக்கு என்னை…"

"நாளைக்கு ஒருநாள்தான். சாயங்காலம் மோட்டார் வந்துரும்."

இனி வரக்கூடாது என்று முடிவு செய்துதான் பைக்கைத் தள்ளினார். ஆனால் மறுநாள் வராவிட்டால் அவருடைய பத்து நடையை யார் தூக்குவார்கள் என்பது ராத்திரி சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது. சோற்றைப் பாதியில் வைத்தார்.

"என்ன, முட்டியா?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

*

புதன்கிழமை ஒன்பது நடை முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவருக்கே தெரியாது. எட்டாவதிலிருந்து படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார். பத்தாவது நடைக்கு வாளிகளை நிரப்பியபோது, இது போதும், இது ஒன்றுதான் என்று முட்டியிடம் பேசினார்.

படியோரத்தில் மூங்கில் தட்டிகளில் நாற்றுத்தட்டுகள் அடுக்கியிருந்தன. முளைத்து ஒரு வாரமே ஆன எலுமிச்சை நாற்று.

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

நாற்பத்து மூன்றாவது படியில் காலை வைத்தார். கால் அங்கே இல்லை. அப்படித்தான் தோன்றியது. முட்டி உள்பக்கமாக மடிந்தது. ஒரு வாளி பாறையில் மோதிக் கீழே உருண்டது. இன்னொன்று நாற்றுத்தட்டியில் விழுந்தது. தட்டி சரிந்தது. ஐந்து தட்டு நாற்று மண்ணோடு படியில் கொட்டியது.

பின்னால் ஏறிவந்த பேச்சி தன் வாளிகளை அப்படியே போட்டுவிட்டு, சரிந்துவந்தவரை இடது கையால் தாங்கிப் பிடித்தாள். பிடித்த கையோடு "ஐயோ" என்று அலறினாள். இன்னாசி, தன்னால் அவளுக்கு எங்கோ அடிபட்டுவிட்டது என்று பதறினார்.

"என்னாச்சும்மா? எங்க பட்டுச்சு?"

"இப்பப் படலை" என்றாள் பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு. "தோள்பட்டை. மூணு நாளா."

வடிவு மேலிருந்து இறங்கி வந்தாள். யாரையும் தூக்கவில்லை. இரண்டு படிக்கு மேலே உட்கார்ந்தாள்.

"மூணு நாளாவா?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை ஆறாவது நடையில புடிச்சுச்சு."

"சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? வந்த மனுசன் வெளியாளு. மூச்சுவிடாமத் தூக்குறாரு. நான் உக்காந்தா என்னோடதையும் அவருல்ல தூக்கணும்? பாவம்ல."

இன்னாசி அவளைப் பார்த்தார். பேன்ட்டின் முட்டிப் பக்கம் நனைந்து, உள்ளே சுற்றியிருந்த கட்டுத்துணி புடைத்துத் தெரிந்தது. பேச்சி அதைப் பார்த்தாள்.

"இது என்ன வாத்தியாரே?"

அவர் கையால் முட்டியை மறைத்தார்.

"நீங்களுமா?" என்றாள் பேச்சி. "அட, கிறுக்கு மனுசா."

உருண்ட வாளி கீழே எங்கோ இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"மூணே மூணு படி" என்றார் இன்னாசி. தரையில் கிடந்த நாற்றைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போல. "இன்னும் மூணு படி தாண்டியிருந்தா முடிஞ்சிருக்கும். பத்து நடையும் சரியா. மூணே படி."

"எந்தப் படியிலேர்ந்து வலிச்சுது?" என்று கேட்டாள் வடிவு.

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"முதல் படியிலேர்ந்தே."

வடிவு தலையாட்டினாள். சிதறிய நாற்றுகளில் வேர் அறுபடாதவற்றைப் பொறுக்கித் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். இன்னாசியும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறுக்கினார். பேச்சி ஒரு கையால் பொறுக்கினாள்.

முப்பது நாற்று தேறியிருக்கும். இன்னாசியின் கை சட்டென்று நின்றது.

"தவசி" என்றார்.

"யாரு?" என்றாள் பேச்சி.

அவர் எழ முயன்றார். முடியவில்லை.

"கையைக் குடுங்க மேடம்" என்றார்.

மூன்று நாளில் அவர் கேட்ட முதல் உதவி அது. வடிவு கையைக் கொடுத்தாள்.

*

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு அணியின் பத்தொன்பது பையன்களும் மைதானத்தில் நின்றார்கள். வழக்கம்போலக் கரும்பலகையில் அடிபட்டவர் பட்டியல் காலியாக இருந்தது.

இன்னாசி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்காவது எங்கயாவது வலி இருக்கா?"

"எல்லாரும் பிட் சார்" என்றான் சகாயம்.

இன்னாசி குனிந்து வலதுகால் பேன்ட்டை மெதுவாகச் சுருட்டினார். முட்டி பப்பாளிப்பழம் மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் யாரோ உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு வலிக்குது" என்றார். "இருபது வருஷத்துக்கு மேல வலிக்குது. இன்னிக்கு உங்ககூட என்னால நடக்க முடியாது. என்னோட ரெண்டு சுத்தை யாரும் நடக்க வேண்டாம்."

துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்து, கழற்றித் தரையில் வைத்தார்.

"இனிமே யாரோட ரவுண்டையும் யாரும் ஓட வேண்டாம். வலிச்சா உக்காரணும். அவ்வளவுதான். பங்கு கிடையாது. இப்பச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. அரச மரத்தில் காக்கைகள் கத்தின. இன்னாசிக்குப் பழைய எரிச்சல் தொண்டைவரை வந்தது. வாயைத் திறக்கப் போனார். மூடிக்கொண்டார்.

கோல்கீப்பர் பொன்னழகுதான் முதலில் கையைத் தூக்கினான். தூக்கிய கையையே மறு கையால் காட்டினான்.

"சுண்டுவிரல் சார். பேப்பர் மில் டீமோட ஆடுனப்ப. உடைஞ்சிருச்சின்னு நினைக்கிறேன்."

"அது மூணு மாசம் ஆச்சேடா!"

"கிளவுஸ் போட்டா தெரியாது சார்."

அடுத்து தவசி கை தூக்கினான். தொடை. அடுத்தவனுக்குக் கணுக்கால். அதற்கடுத்தவனுக்குக் கெண்டைக்கால், அவனுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கும் அதே. இடுப்பு. பாதம். 'எதுன்னு சொல்லத் தெரியலை சார், ஓடுனா இங்க குத்துது.' இன்னாசி விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டு கையும் போதவில்லை.

கடைசியில் சகாயமும் கையைத் தூக்கினான்.

"நீயுமாடா?"

"இடுப்புக்கு உள்பக்கம் சார். ஆகஸ்ட்லேர்ந்து."

"ஆகஸ்டா? தினம் காலையில எல்லாரும் பிட்டுன்னு சொன்னியேடா, நாசமாப் போறவனே! ஏன்டா சொல்லலை?"

"நான் உக்காந்தா என் பங்கு தவசிக்குப் போகும் சார். அவனுக்குத் தொடை."

"அவனுக்குத் தொடைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தவசி, உனக்கு இவன் இடுப்பு தெரியுமா?"

"தெரியும் சார்."

"வேற யாருக்கு என்னென்னன்னு?"

தவசி மற்றவர்களைப் பார்த்தான். பிறகு கம்பை ஊன்றி நிற்கும் மனிதரைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் எல்லாரோடதும் தெரியும் சார்" என்றான். "உங்க முட்டிகூடத் தெரியும்."

இன்னாசி மெல்ல நடந்து கோல் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டார். அது ராசியில்லாத வடக்குப் போஸ்ட். போனை எடுத்து வடிவைக் கூப்பிட்டார்.

"பதினாலு பேர் மேடம்" என்றார். "பத்தொம்பதில பதினாலு. விரல் உடைஞ்சவன் கோல்ல நிக்கிறான். இடுப்பு போனவன் கேப்டன். உருப்படியா இருக்கிறது அஞ்சே பேர், அதில ரெண்டு பேர் போன வாரம் சேர்ந்தவனுக. உங்ககிட்ட வராமலே இருந்திருக்கலாம். எனக்குப் பதினோரு பேர் வேணும். ஞாயித்துக்கிழமை நான் யாரை வச்சு ஆடுறது, சொல்லுங்க?"

மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் எங்கோ உயரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை யாரை வச்சு சார் ஆடுனீங்க?" என்றாள் வடிவு.